மலர் நிலை

பெரிய சார் கூட்டத்துக்குப் போன நாளெல்லாம்
ஐந்து வகுப்பும் எனக்கு.
பழங்காநத்தத்தில் பஸ் ஏறி
வலையங்குளம் தாண்டி இறங்கி
மல்லிகைத் தோட்ட வரப்பில் நடந்து வந்தால்
ஓர் அறை. இரண்டு கரும்பலகை.
பதிவேட்டில் முப்பத்தொன்று,
பாயில் இருபத்தாறு.

வடக்கே பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று.
தெற்கே பார்த்து நாலும் ஐந்தும்.
முதுகோடு முதுகு ஒட்டாத குறை.
நடுவில் நான்,
மாட்டுத்தாவணியில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் போல
இரு திசைக்கும் தொண்டை கொடுத்துக்கொண்டு.

"கால்" என்றேன்.
சின்னதுகள் ககரத்தின் பக்கத்தில்
ஒரு துணைக்காலைக் கொண்டுவந்து நிறுத்தின.
பெரியதுகள் ஒன்றின் கீழ் நாலு எழுதின.
மூன்றாம் வகுப்பு யோகேஸ்வரன் மட்டும்
குதிகாலில் ஏறிய நெருஞ்சியைத் தூக்கிக் காட்டினான்.
மூன்றும் சரியான விடை.

நாலாம் வகுப்புக்குத் திசைகள்.
கிழக்கு எது என்றால்
ஏழு பக்கம் விரல் நீள்கிறது.
பூப்பறித்துவிட்டு வருகிற மாயழகுதான் சரியாகச் சொன்னாள்:
"குனிஞ்சு எடுக்கையில முதுகுல வெயில் ஏறும்ல டீச்சர்,
அந்தப் பக்கம்."

ஐந்துக்குக் கணக்கு.
கிலோ அறுநூறு என்றால் அரைக்கால் கிலோ பூ எவ்வளவு?
பென்சில்கள் வாய்க்குப் போயின.
எதிர்த்திசையிலிருந்து, திரும்பாமலே,
மூன்றாம் வகுப்பு நாகஜோதி:
"எழுபத்தஞ்சு.
ஆனா ஏவாரி எழுபதுதான் குடுப்பாரு."

அவளுக்குத்தான் இன்று வாசிப்புச் சோதனை.
அட்டையில் கீழே 'மரம்', மேலே அதன் படம்.
"வேம்பு" என்றாள்.
வரைந்திருந்ததும் வேம்புதான், சந்தேகமில்லை.
கைபேசிச் செயலி மூன்று வட்டம் காட்டிக் கேட்கிறது:
அரும்பா, மொட்டா, மலரா?
அரும்பைத் தொட்டேன்.

எட்டிப் பார்த்தாள்.
"நான் என்னாது டீச்சர்?"
"அரும்பு."
"யோகேசு?"
"மலர்."
சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.
"மலந்துட்டானா?
அப்ப மார்க்கெட்டுல யாரும் எடுக்க மாட்டாக.
சென்ட் கம்பெனிக்குத்தான் போவான், பாதி வெலைக்கு."

நான்கு நாள் பயிற்சி,
வேளைக்கு டீ, வடை, ஒரு ரெக்சின் பை.
கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.
விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
வாய் திறக்காத மொட்டாய்ப் பார்த்துக் கிள்ளுகிறவளிடம்
மலர்வதே நல்லது என்று
எந்த முகத்தோடு சொல்ல?

நல்லவேளை, சென்னை விமானம் வந்தது.
ஜன்னல் கம்பி அதிரத் தொடங்கியதும்
வடக்கு இல்லை, தெற்கு இல்லை.
இருபத்தாறும் ஒரே ஜன்னலில்,
தோளுக்கு மேல் தோளாக.
அந்த ஒரு நிமிடம்
இங்கே ஒரே வகுப்புதான்.
தோட்டத்துக்கு மேல் தாழ்ந்து வந்து
வயிற்றைத் திறந்து அது சக்கரம் நீட்டவும்
ஒன்றாம் வகுப்பு கத்தியது:
"டீச்சர், கால் போட்டுருச்சு!"
நான் திருத்தவில்லை.

அவரவர் சுவருக்கு எல்லோரும் திரும்பிய பிறகும்
கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
அரும்பு இன்னும் மேலே போய்ச் சேரவில்லை.
யாரும் சொல்லாமலே நாகஜோதி அட்டையை எடுத்தாள்.
காம்புப் பச்சை படிந்த கட்டைவிரலால்
வேம்பை முழுக்க மறைத்தாள்.

ம.

கொஞ்ச நேரம்.

ர.

புள்ளி வைத்த எழுத்துக்கு வந்ததும்
உதட்டை மூடினாள்.
'ம்' என்றாளா,
தெரியாமல் நின்றுவிட்டாளா,
கேட்கவில்லை எனக்கு.
சத்துணவு மணி அடித்து
இருபத்தாறு தட்டும் எழுந்துவிட்டன.